எடிக்கு எதிராளியாக இருந்த நாட்கள்

மார்ச் 2, திங்கள்

மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. கார் கண்ணாடியைச் சுரண்டவே பத்து நிமிடம். ஜிம் ஆறு மணிக்கு. லேப் ஒன்பதுக்கு. மதியத்துக்கு நேற்றைய சப்பாத்தி.

இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜிம்மில் என் வேலை பயிற்சியில் எடியின் எதிராளியாக இருப்பது. எடிலேன், பிரேசில்காரி, வயது முப்பத்து மூன்று. 14ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் அவளோடு கூண்டுக்குள் சண்டைக்கு இறங்கப் போகிறவள் உயரம், இடதுகைக்காரி, நின்று அடிப்பவள். நானும் உயரம், இடதுகை. அதனால் நான்கு வாரமாக நான்தான் அவள். லேபில் சாப்பிடும்போதுகூட அவளுடைய வீடியோ. அவளைப் போல் நின்று, அவளைப் போல் உதைத்து. கடைசியில் எடி என்னைக் கீழே இழுத்துப் போட்டு, என் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, முழங்கையைத் திரும்பாத பக்கம் நெட்டுவாள். ஆர்ம்பார். தோற்றேன் என்று நான் தட்டுவேன். தட்டினால் விட்டுவிட வேண்டும். இன்று பதினொரு முறை தட்டினேன்.

எடி இதுவரை (அவளே சொன்னது, இணையத்தில் இருப்பது பாதி தப்பு):
– பெலேமில் பிறப்பு. பதினான்கு வயதில் சர்ச் ஹாலில் பழைய மெத்தை விரித்து ஜியு-ஜிட்சு மல்யுத்தம்.
– முதல் போட்டி ஒரு கார் ஷெட்டில். எதிராளி வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த அந்த எதிராளியின் அக்காவை இறக்கிவிட்டார்கள். எடிக்கு வெற்றி. அந்த அக்கா இன்றும் எடிக்குச் சிநேகிதி.
– இருபத்தாறு வயதில் நியூ ஜெர்சி.
– மொத்தம் பதினான்கு போட்டி. ஒன்பது வெற்றி. அதில் ஏழு ஆர்ம்பார்.
– கடைசி இரண்டும் தோல்வி.

மூன்றாவதும் போனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். இந்த வயதில் வேறு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். அவ்வளவுதான்.

மார்ச் 4, புதன்

வெயில். ஆனால் குளிர்.

அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பானையைக் கொடுக்க அவள் சிநேகிதி சுமதி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரையில் மண்டியிட்டு அடுப்புக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தது எடி.

வீடு வீடாகப் போய் சுத்தம் செய்கிறாள் என்று தெரியும். இந்த வீடு என்று தெரியாது. எடி என்னைப் பார்த்தாள். ஒரு கண் சிமிட்டல். நான் சிரிக்கக்கூட இல்லை.

ஆன்ட்டி அவள் தலைக்கு மேலேயே தமிழில்: "பிரேசில்காரி கண்ணு. நல்லாத்தான் பண்றா, ஆனா பக்கத்துல நின்னு பாக்கலைன்னா மூலைய விட்டுப்போடுவா. அந்தக் கண்ணப் பாரு, எப்படி வீங்கியிருக்கு. புருஷன் அடிப்பான் போல. இவளுக எல்லாம் அப்படித்தான்."

அந்தக் கண்ணை வீங்க வைத்தது நான். திங்கட்கிழமை. இடதுகை.

சொல்லியிருக்கலாம். "சரிங்க ஆன்ட்டி, வரேன்" என்று கிளம்பி வந்துவிட்டேன். வரும் வழி முழுக்க ஸ்டியரிங்கைக் குத்தினேன். அங்கே குத்தாமல் இங்கே குத்தி என்ன பயன்.

மார்ச் 7, சனி

கோச்சுக்கு ஒரு கவலை. போட்டியின்போது அவர் எடிக்கு போர்ச்சுகீஸில் கத்திச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஆனால் எதிராளியின் ஆட்கள் மூன்று பேரும் பிரேசில்காரர்கள். ஆங்கிலமோ எல்லோருக்கும் புரியும். போன போட்டியிலும் அப்படித்தான், கோச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி நகர்ந்துவிட்டாளாம்.

எடி தரையில் படுத்தபடி சொன்னாள்: "எனக்குத் தமிழ் வரும்." (அவளுடைய உடைந்த ஆங்கிலத்தைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது.)

கோச் சிரித்தார். அவள் விரல் விட்டு எண்ணினாள். "மேல. கீழ. இந்தப் பக்கம். அழுத்தி. சீக்கிரம். போதும்."

எல்லாமே அவள் சுத்தம் செய்யும் மூன்று தமிழ் வீடுகளில் கற்றது. சுமதி ஆன்ட்டி, அவர் நாத்தனார், நாத்தனாரின் சிநேகிதி. ஏழு வருடத்தில் எடிக்குத் தெரிந்த தமிழ் ஆறு சொல், ஆறும் கட்டளை. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை போல. கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்கும்.

சோதித்துப் பார்த்தோம். நான் "கீழ" என்றதும் என் காலுக்குப் பாய்ந்தாள். "அழுத்தி" என்றதும் முழங்கை இறுகியது. போட்டியின்போது கூண்டுக்கு வெளியே கூட நிற்கும் இரண்டாவது ஆளைக் கோச் நிறுத்திவிட்டு என்னைத் தன் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார். 14ஆம் தேதி நானும் கூண்டோரம்.

எனக்கு ஒரே கோபம், ஒரே சந்தோஷம். இரண்டும் ஒரே இடத்தில் வலிக்கிறது.

லேபுக்கு எழுத வேண்டும்: வெள்ளி, சனி லீவு. பல்லுக்குப் போடும் ரப்பர் உறை வாங்க வேண்டும். தம்பியின் பிறந்தநாள் ஷூ.

மார்ச் 10, செவ்வாய்

எடி இன்று என்னை மூன்று முறை தேவைக்கு மேல் பலமாகப் போட்டாள். பிறகு போனை நீட்டினாள்.

சனிக்கிழமை ஆன்ட்டி மகளுக்கு வளைகாப்பு. வெள்ளி காலை வந்தே ஆக வேண்டுமாம். வெள்ளி காலைதான் அட்லாண்டிக் சிட்டியில் எடை பார்ப்பது. அங்கே இல்லையென்றால் போட்டியே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே எடி லீவு கேட்டு, ஆன்ட்டி தலையாட்டியிருக்கிறார். இப்போது மெசேஜ்: வராவிட்டால் மூன்று வீட்டுக்கும் வேறு ஆள்.

"சுத்தம் பண்ண இன்னொரு நாள் போயேன்," என்றார் கோச். எடி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 12, வியாழன்

எடி நேற்றிலிருந்து தண்ணீரை நிறுத்திவிட்டாள். எடை வரம்பு நூற்று இருபத்தைந்து பவுண்ட், இன்னும் நான்கு குறைய வேண்டும். உதடு வெடித்திருக்கிறது. ஐஸ் கட்டியைச் சப்பித் துப்புகிறாள்.

"வெள்ளிக்கிழமைக்கு ஆள் கிடைச்சாச்சு," என்றேன்.

"யார்?"

"நம்பிக்கையான ஆள்."

அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை அவளுக்கு. என் தலையைத் தன் நெற்றியால் முட்டினாள். மதியம் கோச்சோடு கிளம்பிவிட்டாள். நான் கடைக்குப் போய் ரப்பர் கையுறை வாங்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

எட்டு மணிக்கு ஆன்ட்டி வீட்டு வாசலில். நான் தோரணம் கட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து "வா தேனு, காபி குடி" என்றார். வாளி எங்கே என்று கேட்டேன்.

நான்கு பாத்ரூம். மாடியில் மூன்று. கீழே ஒன்று.

முதலாவது பாதி முடியும்போது கதவருகே ஆன்ட்டி. "அய்யோ, என்ன கண்ணு இது! எந்திரி மொதல்ல. எங்க அவ?"

"எடிக்கு இன்னிக்கு வேலை இருக்குங்க ஆன்ட்டி. பதிலுக்கு நான்."

"நீ எதுக்கு? உங்கம்மா கேட்டா என்ன நெனைப்பாங்க? நம்ம புள்ள கக்கூஸ் கழுவறதா? சொந்தக்காரங்க எல்லாம் வர்ற நேரத்துல!"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பேசாமல் தேய்த்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். கையுறை சொட்டச் சொட்ட.

"அவ கழுவுனா சுத்தம், நான் கழுவுனா அசிங்கமா? ஊர்ல இதுக்குன்னு ஒரு சாதிய வச்சிருந்தோம். இங்க ஒரு நாட்டை வச்சிருக்கோம். அவ்வளவுதான ஆன்ட்டி மாறியிருக்கு?"

இன்னும் சொன்னேன். கண் வீக்கம், புருஷன், நின்று பார்ப்பது, எல்லாம். மாடிப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். இங்கேயே பிறந்தவள். "மாம், ஜஸ்ட் லெட் ஹர் ஃபினிஷ், ஐ நீட் தி பாத்ரூம்."

ஆன்ட்டி அம்மாவுக்கு போன் போட்டார். அம்மா வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் மீட்டிங்கை விட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு வந்தாள். என்னைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

"வா போலாம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். நான்காவதையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன். வீடு வரும்வரை அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மாலை நான்கு. எடியிடமிருந்து போன். எடை சரி, நூற்று இருபத்தைந்து. சந்தோஷத்தில் கத்தினேன். எடி குறுக்கே வெட்டினாள்.

"மூணு வீடும் போச்சு. இப்ப மெசேஜ். நீ அங்க என்ன பண்ணின?"

சொன்னேன்.

"நான் உன்னப் பேசச் சொன்னேனா?"

"எடி, அவங்க உன்ன..."

"எனக்குத் தெரியும் அவங்க எப்படின்னு. ஏழு வருஷமாத் தெரியும். உனக்குப் பத்து நாளாத் தெரியும். கழுவினது எனக்காக. பேசினது உனக்காக. வாடகை நீயா குடுப்ப?"

வைத்துவிட்டாள்.

உண்மை. பேசும்போது எனக்கு நன்றாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு விலை அவளுடையது. புதன்கிழமை பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பேசக் கூடாத இடத்தில் பேசினேன். நாளை கூண்டோரம் என்னை நிற்க விடுவாளா, தெரியாது.

மார்ச் 14, சனி

காலை ஏழுக்கு எடியின் மெசேஜ். இங்கிலீஷ் எழுத்தில் ஒரே சொல். சீக்கிரம்.

பார்க்வே நெடுஞ்சாலை முழுக்கக் காற்று. கடல் பக்கம் வண்டி ஆடியது. பத்தரைக்கு ஹோட்டல். எடி சோறும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"இன்னும் கோபமா?"

"ஆமா. நாளைக்கு மிச்சக் கோபம். இன்னிக்கு வேல."

மாலை ஐந்தரைக்குப் போட்டி. பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் நடக்கும் சின்ன ஆட்டம், பாதி நாற்காலி காலி. ஐந்து நிமிடச் சுற்று, மூன்று.

முதல் சுற்று மோசம். அந்த உயரக்காரி தள்ளி நின்றே அடித்தாள். கோச் போர்ச்சுகீஸில் ஒன்று கத்த, அந்தப் பக்கத்து மூவரும் உடனே பதில் கத்தினார்கள். எடியின் கண்ணுக்குக் கீழே பழைய இடத்தில் கிழிந்தது. இடைவேளையில் கோச் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இனி நீ மட்டும் கத்து."

இரண்டாம் சுற்று, மூன்றாவது நிமிடம். எதிராளி வாயால் மூச்சு விட ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும். சோர்ந்தால் இடது உதை முடிந்ததும் அந்தக் காலைப் பின்னால் எடுத்து வைக்க மாட்டாள். முன்னாலேயே விழும், ஒரு நொடி ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி. வீடியோவில் அது அகப்படாது. ஆறு வாரம் அவளாக நின்றதில் என் இடுப்புக்குத் தெரிந்தது.

உதைத்தாள். கால் முன்னால் விழுந்தது.

"கீழ!"

அந்தப் பக்கத்து மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எடி அதற்குள் காலுக்குள் புகுந்திருந்தாள். தரை அதிர்ந்தது. "மேல! மேல!" ஏறினாள். கை கிடைத்தது. எதிராளி உருண்டு தப்பப் பார்த்தாள். "இந்தப் பக்கம்!" எடியும் கூடவே உருண்டாள், கையை விடாமல். முழங்கை நேராகிவிட்டது, ஆனால் அவள் தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தி! அழுத்தி!"

தட்டினாள். இரண்டு முறை, எடியின் தொடையில். நடுவர் பாய்வதற்குள் "போதும்!" என்று நான் கத்தியிருந்தேன். எடி விட்டுவிட்டாள்.

பத்து வெற்றி. எட்டாவது ஆர்ம்பார். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். அமைப்பாளர் அங்கேயே கையைக் குலுக்கிச் சொல்லிவிட்டார்.

உடை மாற்றும் அறையில் ஐஸ் பையைக் கண்ணில் வைத்துக்கொண்டு எடி என்னைக் கூப்பிட்டாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு வீடு. நீதான் தேடணும்."

மார்ச் 15, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. மழை.

அம்மா மதியம் புளியோதரையை என் முன் வைத்தாள். நிறைய. வளைகாப்புக்குச் செய்தது.

"நீ போகலியா?"

"எப்படிப் போறது? சுமதி என்னைய குரூப்ல இருந்து எடுத்துப்போட்டா."

பதினைந்து வருடச் சிநேகிதம். அம்மாவின் ஊர்க்காரி என்று இங்கே இருப்பது ஆன்ட்டி ஒருத்திதான். ஸாரி என்று சொல்ல வாயெடுத்தேன். கையை ஆட்டி நிறுத்தினாள்.

"அந்தப் புள்ள ஜெயிச்சுதா?"

"ஜெயிச்சா."

"செவ்வாக்கெழம நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு. நானே கழுவிக் கழுவி முட்டி போச்சு."

"அம்மா, நீயுமா?"

"ஏன்? வேலை இல்லாதவளுக்கு வேலை குடுக்கணும். நீ பேச்சுக் குடுத்த. அத வச்சு அவ என்ன பண்ணுவா?"

புளியோதரையில் உப்பு கம்மி. சொல்லவில்லை.

ஒன்று ஆச்சு. லேப் ஆட்களுக்கு மெசேஜ் போட்டதில் இன்னொன்று கிடைக்கும் போலிருக்கிறது: சூப்பர்வைசர் வீடு, இரண்டு பாத்ரூம், நாய். இன்னும் ஒன்று வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

வெயில். பனியெல்லாம் கரைந்து ஓடுகிறது.

எடி ஒன்பதுக்கு வந்தாள். கண் கத்தரிக்காய் நிறம். அம்மா அதைப் பார்த்துவிட்டு "சாப்பிட்டியா?" என்றாள், தமிழிலேயே. எடிக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினாள். அம்மா தோசை வார்க்கப் போனாள். எடி அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சாப்டியா. சாப்டியா.

எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அவள் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். சமையலறை முடித்தாள். அம்மாவின் பாத்ரூமை முடித்தாள். என்னுடையதைத் திறந்தாள். முடி, ரத்தக் கறைத் துணி, மூன்று வாரத்து அழுக்கு. மூடினாள். மறுபடி திறந்தாள். கையுறையைக் கழற்றி என் மார்பில் எறிந்துவிட்டு, தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"மே மாசம் உனக்கு அமெச்சூர் போட்டி. கோச்கிட்ட பேசிட்டேன். நாளைலேர்ந்து நான்தான் உன் எதிராளி."

"எடி..."

தரையைக் காட்டினாள்.

"கீழ."

மண்டியிட்டேன்.

"அழுத்தி."