அவள் வாய், என் கை

ஆகஸ்ட் 7

பயிற்சி அறைக் கட்டிலில் படுத்திருக்கும் பொம்மைக்கு யாரோ காலுறை போட்டுவிட்டிருக்கிறார்கள். ஒரு காலில் மட்டும். உள்ளே போனதும் நான் பார்த்தது அதைத்தான். மற்றக் கால் வெறுமையாக, மெழுகு நிறத்தில் இருந்தது. பாவமாக இருந்தது.

நர்சிங் பட்டப்படிப்பில் இன்று முதல் நாள். ஒவ்வொருவரும் எழுந்து, நீ யார், ஏன் இங்கே வந்தாய் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. எழுந்தேன். அவ்வளவுதான். மேடம் காத்திருந்தார்கள்.

என்னவென்று சொல்வது? பத்தாவதோடு பள்ளியை விட்டதைச் சொல்வதா? அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், வேலைக்குப் போகணும் என்று டீச்சரிடம் சொல்ல வாய் வராமல், ஒரு திங்கட்கிழமை போகாமலேயே இருந்துவிட்டேன். அப்படியே நின்றுபோனது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்தேன். பன்னிரண்டாவதை வீட்டிலிருந்தே எழுதினேன். இதெல்லாம் எழுந்து நின்று சொல்கிற விஷயமா?

பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "மேடம், இவளுக்குத் தொண்டை கட்டிருக்கு. நான் சொல்றேன்." என்னைப் பற்றி என்னென்னமோ அளந்துவிட்டாள். என் பேர்கூட அவளுக்குத் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 9

அதற்குள் விடுதியில் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்துவிட்டார்கள். என் அறைதான் அவளுக்கும். தூக்கத்திலும் பேசுகிறாள்.

செப்டம்பர் 20

படுக்கை விரிக்கும் பாடம். என் மூலை மடிப்பைப் பார்த்து மேடம், "எங்க கத்துக்கிட்ட?" என்றார்கள். சலவைக்கூடம் என்று சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரேடியோ விரித்த படுக்கையில் பொம்மை சரிந்து கிடந்தது. "மாமாவுக்கு ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்றாள். மேடமே சிரித்துவிட்டார்கள்.

அக்டோபர் 2

அம்மா போன் பண்ணினாள். "கஷ்டமா இருந்தா வந்துடு கண்ணு. சலவைக்கூடத்துல உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடலையாம்."

ஆறுதலுக்குத்தான் சொல்கிறாள். போனை வைத்ததும் புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன்.

இரண்டாம் வருடம், ஜனவரி 16

ஊசி. ஆரஞ்சுப் பழத்தில் போட்டபோது எல்லாருக்கும் வந்தது. மனிதர்களுக்கு என்றதும் ரேடியோவின் கை நடுங்குகிறது. பேச்சில் ஒரு நடுக்கமும் இல்லை, விரல்தான்.

ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர். சர்க்கரை நோயில் காலில் ஆறாத புண். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் உள்ளே போனால் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பார். அதனால் எங்களுக்கு அவர் கண்டக்டர். இன்று ஊசி என்றதும் கையை இழுத்துக்கொண்டார். ரேடியோ அவர் பக்கத்தில் குனிந்து, "கண்ண மூடிட்டு, உங்களுக்குப் பிடிக்காத சொந்தக்காரங்க நாலு பேர் பேரைச் சொல்லுங்க. நாலாவது பேர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள். சொல்லிக்கொண்டே தட்டை எடுத்தாள். ஊசி கிடுகிடுவென்று ஆடியது. நான் வாங்கிப் போட்டுவிட்டேன்.

"போட்டாச்சா? நான் இன்னும் ரெண்டாவது மச்சான்கிட்டயே வரலியே!"

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னாள்: "இனிமே இதான்டி ஏற்பாடு. நான் வாய், நீ கை."

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 8

கண்டக்டர் எங்களுக்குப் பேர் வைத்திருக்கிறார். பாட்டும் பெட்டியும். நான் பெட்டி.

ஜூன் 11

செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு நோயாளி. தனித்தனியாக. தெரிந்த விஷயம்தான். இத்தனை நாளில் ஒரு நாளாவது அதைப் பற்றி நாங்கள் யோசித்தோமா?

ஊசி போட்டேன், கட்டு மாற்றினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி கேட்டார். தெரியும். எல்லாமே தெரியும். பாதி வார்த்தையோடு நின்றேன். "கை நல்லா இருக்கு. வாயை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் நோயாளி சிரித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் "ஐயோ" என்று ஒரு சத்தம். அந்தப் பக்கத் தேர்வாளரே ஊசியை வாங்கிப் போட்டாராம்.

ஜூலை 3

நான் தேறிவிட்டேன். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. அவள் தேறவில்லை.

வாய் இல்லாத கை தேறலாமாம். கை இல்லாத வாய் தேறக்கூடாதாம்.

ஜூலை 4

காலையிலிருந்து அவள் பேசவில்லை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆரம்பித்தாள்.

"தட்டை எப்பவும் நீதானேடி பிடுங்குவ? ஒரே ஒரு தடவ, இவ நடுங்கட்டும், நடுங்கிட்டே போடட்டும்னு விட்டிருக்கலாம்ல?"

நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"பாரு. என்னைத் திட்டக்கூட நான்தான் உனக்கும் சேத்துப் பேசணும்."

நீ மட்டும் என்னவாம்? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ முடிச்சிடுவ. ஒரு தடவ திக்கட்டும்னு விட்டியா நீ? — இங்கே எழுதத்தான் முடிகிறது. அவளிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை சண்டை போட்டிருப்போம். சண்டை போட்டிருந்தால் நல்லது.

மூன்றாம் வருடம், நவம்பர் 25

மறுதேர்வு வருகிறது. தினமும் என் கையில் போட்டுப் பழகச் சொல்கிறேன். வெறும் உப்புநீர்தான். தோளெல்லாம் நீலம். இன்று பாதியில் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டாள்.

"வலிக்குதுன்னுகூட சொல்ல மாட்டேங்கற. எங்க தப்பு பண்றேன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

வலித்தது. ஏன் சொல்லவில்லை நான்?

ஜனவரி 9

மறுதேர்வும் அவளுக்குப் போய்விட்டது.

ஜனவரி 12

படிப்பை விட்டுவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். அவள் அப்பா துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பேசாத மனிதர். இவளுக்கு எங்கிருந்து இந்த வாய் வந்தது என்று நினைத்தேன். வாசலில் அவள் திரும்பி, "அழாத. மூக்கு பெருசாயிடும்" என்றாள். நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

பிப்ரவரி 1

எதுக்கு இருக்கேன் இங்க.

பிப்ரவரி 19

பெண்கள் வார்டில் ஒரு அம்மா சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பொண்ணு வேணாம்மா. நல்லாத்தான் பாக்குது, ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. எனக்கு ஏதோ பெரிய வியாதி, மறைக்குதுன்னு பயமா இருக்கு."

நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். அவருக்கு வந்திருப்பது வெறும் பித்தப்பைக் கல்.

போகலாம் என்று இருக்கிறது. சலவைக்கூடத்தில் விரிப்புகள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நான்காம் வருடம், செப்டம்பர் 5

கண்டக்டர் திரும்ப வந்திருக்கிறார். கால் கறுத்துவிட்டது. மெலிந்து பாதி உடம்பு காணோம். என்னைப் பார்த்ததும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பெட்டி மட்டும் வந்திருக்கு? பாட்டு எங்க?"

செப்டம்பர் 8

நாளைக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள். டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார், நின்றபடியே, அவசரமாக. கண்டக்டர் கையெழுத்துப் போட்டார்.

இன்று மாலை நான் அவர் காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மெல்லக் கேட்டார்: "ஏம்மா, எடுத்தப்புறமும் அந்தக் கால் அரிக்குமாமே? இல்லாத கால் எப்படிம்மா அரிக்கும்? பக்கத்துக் கட்டில்காரன் பயமுறுத்தறானா, இல்ல நெசமா?"

அதைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஏன் வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது, என்ன செய்யலாம், எல்லாம். என் வாய் திறந்தது, மூடியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே, "சரி விடு, நீ என்ன பண்ணுவ" என்று என்னைத் தேற்றினார்.

என்னை. அவர்.

செப்டம்பர் 9

கால் போய்விட்டது.

செப்டம்பர் 13

காய்ச்சல். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். அவருக்கு ஆளே தெரியவில்லை. டிக்கெட் கேட்கவில்லை. இரண்டு தடவை வலது பாதம் இருந்த இடத்தில் கையால் தடவினார். விரிப்புதான் இருந்தது.

செப்டம்பர் 15

காலையில் நான் வேலைக்கு வந்தபோது அவரைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

அவருடைய வீட்டுக்காரம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "உடம்பைத் துடைச்சு, சுத்தம் பண்ணி, நல்ல விரிப்பு போட்டுக் குடுக்கணும். தனியா செய்வியா?" தலையாட்டினேன். போகிறபோது திரும்பி நின்று, "சொல்லிட்டே செய்யணும்" என்றார்.

புரியாமல் பார்த்தேன்.

"கையைத் தூக்கறேன், முகம் துடைக்கறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டே செய்யணும். உயிரோட இருந்தா எப்படியோ, அப்படியே. இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வாய்க்குள்ள முணுமுணுக்காம, அவருக்குக் கேக்கற மாதிரி."

திரைக்குள் நானும் அவரும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு அவசியமில்லை, ஆனாலும் அப்படித்தான் கொண்டுவந்திருந்தேன்.

முகம் துடைக்கறேன் என்றேன். காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். "முகம் துடைக்கறேங்க." என் குரல் இவ்வளவு கட்டையா? "இடது கையைத் தூக்கறேன். கொஞ்சம் குளிரும். இப்ப வலது கை." நகத்தை வெட்டினேன், அதையும் சொன்னேன். ஒரு பக்கமாகத் திருப்பினேன். இடது காலைத் துடைத்தேன். அப்புறம் கட்டுப் போட்டிருந்த இடத்துக்கு வந்தேன்.

"அரிக்கும்ங்க" என்றேன். "நெசந்தான். பக்கத்துக் கட்டில்காரர் பொய் சொல்லல. கால் இல்லைன்னு மூளைக்கு உடனே தெரியாது, அது தேடிட்டே இருக்கும். நிறையப் பேருக்குக் கொஞ்ச நாள்ல குறைஞ்சிடும். பயப்பட ஒண்ணுமில்ல."

ஒரு நிமிஷப் பேச்சு. அவ்வளவுதான். இதைத்தானே அவர் கேட்டார்? உயிரோடு இருக்கும்போது கேட்டார்.

மூலை மடிப்பு மடித்தேன். திரையை விலக்கினேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே இருந்த அம்மாவைக் கூப்பிடப் போனார்.

செப்டம்பர் 16

பெஞ்சில் இருந்த அம்மாவிடம் நேற்று நான் பேசவில்லை. செத்தவரிடம் மட்டும்தான் பேச வருமா எனக்கு?

மார்ச் 2

திக்கித் திக்கிப் பேசுகிறேன். நோயாளிகள் காத்திருக்கிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது தாடை வலிக்கிறது.

ஆகஸ்ட் 21

பட்டம் கிடைத்துவிட்டது. அம்மா போனில் அழுதாள். அப்பாவின் காதில் போனை வைத்தாள். அவர் மூச்சு கேட்டது.

ரேடியோ இப்போது ஒரு கைபேசிக் கடையில் இருக்கிறாள். பட்டம் வாங்கியதை எழுதி அனுப்பினேன். மன்னிச்சிடு என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஒரு வார்த்தைகூட இல்லை.

ரேடியோவிடமிருந்து.

அக்டோபர் 4

வேலைக்குச் சேர்ந்து முதல் நாள். வேறு ஆஸ்பத்திரி, வேறு வார்டு, சுவரில் அதே பச்சை.

மூன்றாவது கட்டிலில் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தட்டைப் பார்த்ததும் முந்தானையால் கையை மூடிக்கொண்டார். "வேணாம் சிஸ்டர். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது."

திரும்பிப் பார்த்தேன். பழக்கம். பின்னால் யாரும் இல்லை.

"கண்ண மூடிட்டு" என்றேன். நின்றேன். "உங்களுக்குப் பிடிக்காத சொந்தக்காரங்க நாலு பேர் பேரைச் சொல்லுங்க. நாலாவது பேர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

அந்த அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "எனக்கு ஒரே ஒரு ஆள்தான் சிஸ்டர் பிடிக்காது."

இதற்கு ரேடியோ என்ன சொல்லியிருப்பாள்? தெரியவில்லை. இப்படி ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை.

"அப்ப அவர் பேரையே நாலு தடவ சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நான் பஞ்சால் துடைத்து, ஊசியைப் போட்டேன்.