பச்சையை மட்டும்

யூன் 3, செவ்வாய்

தொப்பி வந்துவிட்டது. பச்சைத் தொப்பி, பச்சை ரீசேர்ட். முதுகில் ‘பசுங்கரை நகரம்: நம் நகரம், நம் பொறுப்பு’. ஒவ்வொரு ரீசேர்ட்டும் தனித்தனிப் பொலித்தீன் உறைக்குள். பொலித்தீனை ஒழிக்க வந்த திட்டத்தில் நான் செய்த முதல் வேலை, அந்த உறைகளைக் கழற்றி ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் அடைத்துக் கட்டியது. திட்டப் பொறுப்பாளர் மில்ரன் சேரிடம் காட்டினேன். “அது கொழும்பாலை வந்தது பிள்ளை. எங்கடை கையிலை இல்லை” என்றார். நம் பொறுப்பு அவ்வளவுதான்.

எனக்குப் பட்டம் ‘பசுமைத் தூதுவர்’. அம்மா கேட்டார், “அப்ப குப்பைக்காரி எண்டு சொல்லுறேல்லையோ?”

சிரிக்கலாம். ஆனால் மூன்று மாத ஒப்பந்தம் இது. மன்னாரில் தாழ்வுபாடு என்கிற மீன்பிடிக் கிராமத்தில் ஓர் ஒழுங்கையை என்னிடம் தந்திருக்கிறார்கள். அந்த வீடுகள் குப்பை பிரிக்கப் பழகினால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சேர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் கொழும்புப் பக்கம், கட்டுநாயக்காவில் கார்மென்ற் தையல் வேலை. மச்சாள் அங்கே இடமும் பார்த்து வைத்துவிட்டாள். சியானாவுக்கு ஆறு வயது. அவளை அம்மாவோடு விட்டுவிட்டுப் போவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது. அவளின் தகப்பன் போய்த் தொலைந்தது போதாதா, நானுமா?

ஆகவே தொப்பியைப் போடுவேன். பச்சை எனக்குப் பொருந்தாது, பரவாயில்லை.

யூன் 5, வியாழன்

சுற்றாடல் தினம். சைக்கிள் ஊர்வலம். பெரியவர்கள் ஏசி வானில் வந்தார்கள், சைக்கிள்கள் லொறியில் வந்தன. பாலத்தடியில் இறக்கி, ஏறி, கொஞ்சத் தூரம் ஓடி, படம் எடுத்து, திரும்ப லொறியில் ஏற்றினார்கள். வானும் போயிற்று, லொறியும் போயிற்று.

அதுவரைக்கும் பின்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவரை வெயிலில் மறித்து வைத்திருந்தார்கள். ஊர்வலத்துக்கு இடைஞ்சலாம்! பிறந்ததிலிருந்து சைக்கிள் ஓடுகிற மனுசன். மீன் பழுதாகப் போகுதென்று அவர் கத்தினதை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.

யூன் 6, வெள்ளி

கந்தோர் வாசலில் மரக்கன்று நட்டோம். பேச்சுகள் நீளம்.

யூன் 7, சனி

கழுதைகள் தின்றுவிட்டன.

யூன் 17, செவ்வாய்

தாழ்வுபாடு. கூட்டம் அன்ரோனெற் அக்காவின் வீட்டு வளவில். கருவாடு போடுகிறவர். அந்த ஒழுங்கையில் அவர் வாய் திறந்தால் மற்றப் பெண்களெல்லாம் வாயை மூடுவார்கள். நான் தொண்டை கிழியக் கதைத்தேன். உக்குவது, உக்காதது, எரிக்கக் கூடாது, ஏன் கூடாது. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“எல்லாம் சரி பிள்ளை. குடிதண்ணிக் குழாய் எப்ப வரும்?”

“அது வேறை கந்தோர் அக்கா.”

“அப்ப குப்பை கேக்க ஆள் இருக்கு, தண்ணி தர ஆள் இல்லை. சரி, இருந்து தேத்தண்ணி குடி.”

ஒழுங்கையைத் தாண்டவில்லை, முதுகுக்குப் பின்னால் புகை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த அதே கை நெருப்பும் வைத்திருக்கிறது! செவிடன் காதில் ஊதின சங்கு என்பது இதுதான். இந்தச் சனம் என் சொல்லை ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

யூலை 9, புதன்

துண்டுப்பிரசுரம் கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. வழுவழுப்பான தாள். அட்டையில் கோவா மரக்கறியும் ஸ்ரோபெரிப் பழமும். மன்னாரில் எந்த வீட்டுக் குசினியில் ஸ்ரோபெரிக் கழிவு சேருகிறது? அந்த வீட்டைக் காட்டினால் நானே போய் அள்ளிக்கொண்டு வருவேன்.

உள்ளே பெரிய எழுத்தில் ஒரே வசனம்: ‘பச்சையானவற்றை மட்டும் பச்சை வாளியில் இடவும்.’ சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் என்றார் சேர். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் சொன்னது சரியென்று பட்டது.

யூலை 18, வெள்ளி

வாளிகள் கொடுத்தாயிற்று. கழுதை திறக்க முடியாதபடி கொளுக்கி வைத்த மூடி. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை முழுக்க நானே வாசித்தேன். “பச்சையானதை மட்டும் போடுங்கோ! வேறை ஒண்டும் வேண்டாம்! பச்சையை மட்டும்!” தொண்டை கட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து மேடம் பார்க்க வருகிறா. காசு தருகிற வெள்ளைக்காரரும் வருகிறார்.

யூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து ஒருக்கால் எட்டிப் பார்க்கப் போனேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஒழுங்கை கூட்டித் துடைத்த மாதிரி. புகை இல்லை. வாளிகள் வாசலில் வரிசையாக, மூடி கொளுவியபடி.

“நீ சொன்னபடிதான் பிள்ளை,” என்றார் அன்ரோனெற் அக்கா. “பச்சையை மட்டும்தான் போடுறம். என்ரை மருமோள் மாறிப் போட்டவள், கையிலை ஒண்டு போட்டனான்.”

வரும் வழியில் சியானாவுக்கு ஐஸ்கிறீம் வாங்கினேன். எனக்குக் கதைக்கத் தெரியும் போலத்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், மச்சாளுக்கு வேண்டாமென்று அறிவிக்கட்டோ என்று. “நியமனம் கையிலை வரட்டும்” என்றார். அம்மாவின் வாயில் நல்ல சொல் எப்போது வந்தது?

யூலை 22, செவ்வாய்

ஐயோ கடவுளே.

மேடம், வெள்ளைக்காரர், கமராக்காரர், சேர். சேருக்குப் புதுச் சப்பாத்து. அன்ரோனெற் அக்காவின் வாசலில் நின்று, “திறந்து காட்டும்” என்று சேர் என்னிடம் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கொளுக்கியைத் தட்டினேன்.

மீன். மீன்தலை, குடல், செவுள், செதில். நாலு நாள் வெயிலில் மூடிக் கிடந்தது. புழு வாளிக்கு வெளியே வழிகிறது. வெள்ளைக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தார். அடுத்த வாளி, அதற்கடுத்தது... எல்லாம் மீன்! உக்க வைத்துப் பசளை ஆக்குகிற வாளிக்குள் மீன் போடவே கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம்.

ஒரு செக்கனில் எனக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் பச்சை என்றால் இலை, குழை, மரக்கறி. தாழ்வுபாட்டில் பச்சை என்றால் பச்சை மீன். மற்றது கருவாடு. வேறை என்ன பச்சை இருக்கு அந்த ஊரிலை? நானும் மன்னாரிலை பிறந்தவள்தானே, எனக்கு ஏன் விளங்காமப் போச்சு? ஸ்ரோபெரியைப் பாத்து நக்கல் அடிக்கத் தெரிஞ்சுது, அந்த ஒரு சொல்லைப் பாக்கத் தெரியேல்லை.

மேடத்தின் கண் என்னில். ஒருவேளை தப்பியிருப்பேன். சனம் கேட்கவில்லை, நான் சரியாகத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அன்ரோனெற் அக்கா முன்னுக்கு வந்துவிட்டார்.

“அம்மா, பிள்ளையை ஏசாதேங்கோ. பிள்ளை வீடுவீடா வந்து தொண்டை கிழியச் சொன்னது. அது சொன்னபடிதான், எழுத்துப் பிசகாமச் செய்தனாங்கள். பச்சையை மட்டும்தான் போட்டனாங்கள். இந்த ஒழுங்கையிலை எந்த வாளியிலையாவது ஒரு கருவாட்டுத் துண்டு கிடந்தா என்னைக் கேளுங்கோ!”

மற்றப் பெண்களும் ஓம் ஓம் என்றார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டினாள். சேர் எல்லாவற்றையும் மேடத்துக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். பிள்ளை சொன்னபடிதான் என்றதை மட்டும் அச்சொட்டாக, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார்.

யூலை 24, வியாழன்

அந்த மனுசியை நினைக்க நினைக்க எரியுது. ஆர் கேட்டது அவவின்ரை உதவியை? இவ்வளவு காலமும் ஒரு சொல் கேளாத சனம், கேக்கிறதெண்டு வெளிக்கிட்ட அண்டைக்கே என்ரை தலையிலை மண்ணை அள்ளிப் போட்டுதுகள். இனி அந்த ஒழுங்கைப் பக்கம் கால் வைக்கமாட்டேன்.

யூலை 31, வியாழன்

சேர் கூப்பிட்டார். நாளையிலிருந்து வரத் தேவையில்லை. அறிக்கையில் ‘கள அலுவலரின் விளக்கக் குறைபாடு’ என்று போட்டிருக்கிறார்களாம். ‘பச்சையானவற்றை மட்டும்’ என்ற வசனத்தை எழுதினது கொழும்பு அல்லவா என்று கேட்டேன்.

“வசனத்திலை பிழை இல்லை பிள்ளை. நீர் சொன்னதாலைதான் செய்தவை எண்டு அவையே சொல்லிப்போட்டினம். நான் என்ன செய்ய?”

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன். ரீசேர்ட்டைத் தோய்த்துத் தரச் சொன்னார். அடுத்த தூதுவருக்காம். ஒன்றையே திரும்பத் திரும்பப் பாவிப்பதுதான் பசுமையாம்!

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மச்சாளுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் 18, திங்கள்

கட்டுநாயக்கா. விடுதிக்கு வந்து சேர்ந்தேன். ஓர் அறையில் ஆறு கட்டில், ஒரு மின்விசிறி.

காலையில் சியானா எழும்ப முதலே வெளிக்கிட்டேன். அவள் கேட்டால் என்ன சொல்லுவதென்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழவில்லை. மன்னார் பஸ் நிலையத்தில் நிற்கிறேன், பின்னால் ஒரு குரல்.

“எங்கை பிள்ளை, பெரிய பையோடை?”

வேறு யார்? அன்ரோனெற் அக்கா. வவுனியாச் சந்தைக்குக் கருவாடு கொண்டு போகிறாராம். கூட இன்னொரு மனுசி.

“கொழும்புப் பக்கம் அக்கா. வேலைக்கு.”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நிரந்தரம் ஆக்கிப்போட்டினமே! கொழும்புக் கந்தோருக்கே எடுத்திட்டினமே! நான் அப்பவே நினைச்சனான், அதுதான் பிள்ளையைக் காணேல்லை எண்டு. அண்டைக்கு நாங்கள் அவ்வளவு எடுத்துச் சொன்னது வீண்போகேல்லை.”

வாய்வரை வந்தது. எல்லாம் வந்தது. நாலு கிழமையாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த ஏச்சு, வரிசையாக.

“ஓம் அக்கா,” என்றேன். “நீங்கள் சொன்னபடியாலைதான்.”

அவர் கூட நின்ற மனுசியிடம் திரும்பினார். “எங்கடை பிள்ளை. நாங்கள் சொல்லித்தான் எடுத்தவை.” பிறகு என்னிடம், “இப்ப வாற பெடியன் மீனைப் போடாதேங்கோ எண்டு கத்துறான். அவனை ஆர் கேக்கிறது? எங்களுக்கு நீ சொன்னதுதான்.”

கொழும்பு பஸ் வந்தது. ஏறும்போது தன் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என் பைக்குள் திணித்தார். பாரைக் கருவாடு.

“பார், பேப்பரிலைதான் சுத்தியிருக்கு. பொலித்தீன் இல்லை.”

பஸ்ஸில் மதவாச்சி வரைக்கும் அழுதேன். பக்கத்துக் கட்டில் பிள்ளை இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று தேடுகிறாள். காலையில் முதல் ஷிப்ற்.