கருங்குரங்கு லேகியம்

கொடைக்கானல்
12-11-1958

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

“குரங்கின் உயிர் பெரிதா, பெற்றவளின் மூச்சு பெரிதா?” என்று தம்பியின் கையால் எழுதிக் கேட்டிருந்தீர்கள்.  நான் சுகம். உங்கள் மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது?

இழுப்புக்கு நீங்கள் கேட்ட கருங்குரங்கு லேகியத்தை அனுப்பமாட்டேன் என்று எழுதிய பிறகும் மனம் கேட்கவில்லை. இன்று அதை விற்கும் காளியாயியின் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஒரு கருங்குரங்கை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

“நாளைக்கு மத்தியானம் அறுத்துக் கிண்டிருவோம், டீச்சரம்மா. வெரசா வந்துருங்க, சனம் காத்துக் கெடக்கு” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

“லேகியம் சாப்பிடலையா?” என்றேன்.

“அது விக்கிறதுக்குங்க. நமக்கு ஆஸ்பத்திரி மாத்திரைதான் கேக்கும்” என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாத்திரையின் பெயரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் காட்டுங்கள். நாளை வனத்துறை ரேஞ்சரை அழைத்துக்கொண்டு மறுபடி போவேன்.

என் பழைய மப்ளரை அனுப்புங்கள். கூடவே, உங்கள் கைப்பட ஒரு வரி வேண்டும். எழுத்தைப் பார்த்தால் மூச்சு எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
லீலா

13-11: நேற்றுத் தபால் தவறிவிட்டது. காலையில் ரேஞ்சரோடு போனேன். “மாத்திரையைக் காட்டுனது என் குத்தம்!” என்று என்னைத் திட்டிக்கொண்டே காளியாயி கயிற்றை அவிழ்த்தாள். குரங்கு உடனே ஓடவில்லை. கயிறு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு கூரையேறிச் சோலைக்குள் போயிற்று.