பிரேசர் மலைக்குப் போகிறவர்களின் பெயர்கள்

அடேய் தங்கராஜ், என் தங்க மச்சானே,

நீ போய் ஒரு வருஷமும் பதினொரு நாளும் ஆகிறது. மலாக்காவில், நம் காஜா பெராங் கம்பத்தில் ஊர்சனம் எல்லாரும் நலம். உன் வீட்டு வாசல் ரம்புத்தான் மரம் இந்தத் தடவை காய்த்துக் கொட்டியது. திட்டுவதற்கு நீ இல்லாததால் கொஞ்சம் திமிராகவே நிற்கிறது. நீ இருக்கும் இடத்துக்கு விலாசம் தெரியாததால் ஊரறியவே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முக்கியமான செய்தி, நாங்கள் பிரேசர் மலைக்கு கோல்ஃப் ஆடப் போகிறோம். எல்லாம் நீ போட்ட திட்டம்தான்.

கோல்ஃப் கிளப்பில் இருபது வருஷம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவன் நீ. துரைமார்களுக்காக மலை பங்களாவில் அறை கேட்டுக் கடிதம் டைப் அடிப்பது உன் வேலை. எத்தனை பேர், எத்தனை கட்டில், காலையில் எத்தனை மணிக்கு ஆட்டம், எந்தத் துரைக்கு முட்டை ஆகாது, எல்லாம் உனக்கு அத்துபடி. ஒரு மணி நேரம் மேலே போகிற வண்டிகளுக்கும் அடுத்த மணி நேரம் கீழே வருகிற வண்டிகளுக்கும் கேட் திறப்பார்கள் என்பதுவரை சொல்வாய். மலையைத்தான் பார்த்ததில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் என்று சேதி சொன்ன அன்று படாங் திடலில் அத்தனை கூட்டம். எல்லாரும் கை தூக்கிக் கத்திக்கொண்டிருந்தபோது நீ என் காதில் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா?

"மச்சான், இனிமே நாமளும் ரூம் கேட்டு எழுதலாம்ல?"

நானும் கத்தினேன், ஆனால் உன் கேள்விக்காகத்தான் கத்தினேன்.

அப்புறம் நாம் அடித்த கூத்து கொஞ்சமா! துரைமார் கழித்துப்போட்ட ஏழு மட்டைகள். கம்பத்துக்குப் பின்னால் மாடு மேயும் திடலில் பால் டின்னைப் புதைத்துச் செய்த ஆறு குழிகள். ஜவுளிக்கடை தாவூத் பந்தை அடித்தால் மாட்டின் மேல்தான் படும். செட்டி கம்பத்து அருணாசலம் மட்டும் அழகாக அடிப்பான், அடித்துவிட்டு மலாயில் நம்மைக் கிண்டல் செய்வான். மலையில் குளிரும் என்று என் தங்கை, உன் சரோஜா, மலாக்கா வெயிலில் உட்கார்ந்து உனக்குக் கம்பளிச் சட்டை பின்னினாள். ஒரு கை பாக்கி இருக்கும்போது நீ ஆபீஸ் மேசையிலேயே சாய்ந்துவிட்டாய். வலித்ததா மச்சான்? அதை மட்டும் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நமக்கு அறை கேட்டு நீ அனுப்பியிருந்த கடிதத்துக்கு மலையிலிருந்து பதில் வந்தது. சரோஜாதான் பிரித்தாள். மூன்று பேருக்கு அறை தயார், மூன்று கட்டில், எட்டு மணிக்கு ஆட்டம் என்று எழுதியிருந்தார்கள். தாவூத், அருணாசலம், நான். உன் பெயர் அதில் இல்லை. அவர்கள் தவறவிட்டார்கள் என்று நினைத்து உன் நகல் காகிதத்தைத் தேடி எடுத்தோம். நீயே மூன்று பெயர்தான் அடித்திருந்தாய்.

என் தங்கை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சிட்டாரா?"

"சே, அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. ஏனென்றால் நீ போவதற்கு முந்தின ஞாயிறு, மூன்றாவது குழியருகே நீ பொத்தென்று உட்கார்ந்து, "நீங்க ஆடுங்கடா, நான் பாக்கிறேன்" என்றாயே. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் முழுக்க நெஞ்சில் முள்ளாக வைத்திருந்தேன். உன்மேல் கோபம்கூட வந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பயணத்தைத் தள்ளிப்போட்டோம். "தங்கராஜ் தாக் அடா, கீத்தா தாக் பெர்கி" என்று அருணாசலம் முடித்துவிட்டான், தங்கராஜ் இல்லையென்றால் நாமும் போகவில்லையாம். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக் கூடாது என்று பெரியவர்களும் கூடிச் சொன்னார்கள்.

"அந்த மலையில கோல்ஃப் திடல்தானேய்யா இருக்கு, சாமி எங்க இருக்கு?" என்று தாவூத் கேட்டார். இருந்தாலும் கேட்டுக்கொண்டோம்.

போன வாரம் உன் தலைத் திவசம் முடிந்தது. இலை எடுத்ததும் தாவூத்தான் பேச்சை எடுத்தார். "அவன் போட்ட திட்டம் வீணாப் போகக்கூடாது முத்தையா. சரோஜா தங்கச்சியும் வரட்டும். அந்த மலையை அவன் வீட்ல இருந்து ஒருத்தராவது பாக்கணும்." அவள் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "அண்ணி வந்தா வர்றேன்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, உன் பழைய நகலைப் பக்கத்தில் வைத்து, கடிதத்தை அடித்தேன். தாவூத் கால் வலிக்காரர், கீழ் அறை வேண்டும் என்று கேட்டேன். அருணாசலத்துக்கு மாட்டிறைச்சி கூடாது என்று எழுதினேன். பெண்கள் இருவருக்கும் வெந்நீர் கேட்டேன். கேட் நேரத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டு, பிழை பார்க்கச் சொல்லி சரோஜாவிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

"அண்ணே, இதுல உங்க பேரு எங்க?"

வாங்கிப் பார்த்தேன். தாவூத், அருணாசலம், திருமதி தங்கராஜ், திருமதி முத்தையா. நால்வர், நான்கு கட்டில். நான் இல்லை மச்சான்! எனக்கு ஒரு நோயும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். ஆனாலும் மற்றவர்களுக்கு வேண்டியதை எண்ணுகிற மும்முரத்தில், உன்னை மாதிரியே என் பெயரை விட்டிருக்கிறேன்.

சரோஜா சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரிப்பு அப்படியே அழுகையானது. "அவ்வளவுதானா? இதுக்கா ஒரு வருஷம் தூங்காம கெடந்தேன்?" என்று என் தோளில் குத்தினாள். அப்போதுதான் மூன்றாவது குழிக் கதையையும் சொன்னேன்.

"அன்னைக்கா? மலைக்குன்னு வாங்குன புதுச் சப்பாத்து அண்ணே. குதிகாலக் கடிச்சிடுச்சு. உங்ககிட்ட சொன்னா கேலி பண்ணுவீங்கன்னு வீட்ல வந்து எங்கிட்ட காட்டினாரு. நாந்தான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்."

கேலி பண்ணியிருப்பேன்தான். ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருந்தால் இந்த ஒரு வருஷம் எங்கள் இருவருக்குமே வேறு மாதிரிப் போயிருக்கும். உன்மேல் கோபப்பட்டதை மன்னித்துவிடு.

கடிதத்தின் ஓரத்தில் சரோஜா பேனாவால் என் பெயரைச் சேர்த்து, நாலை ஐந்தாகத் திருத்தினாள். நீ அடித்த அன்று உன் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாமல் போனதை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை.

அடுத்த மாதம் தாவூதின் காரில் போகிறோம். உன் மட்டையை நான் எடுத்துக்கொள்கிறேன். கம்பளிச் சட்டையின் பாக்கிக் கையை அவள் பின்னிக்கொண்டிருக்கிறாள், தானே போட்டுக்கொள்ளப் போகிறாளாம். எட்டு மணி ஆட்டத்தில் முதல் அடி உன்னுடையது, அதை உனக்காக சரோஜா அடிப்பாள். பந்து எங்கே போய் விழுந்தாலும் நான் தேடி எடுத்துக்கொண்டு வருவேன். இனி இந்த வீட்டில் யார் எந்தப் பட்டியல் எழுதினாலும், எழுதினவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பள்ளித் தோழன், உன் சரோஜாவின் அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்
முத்தையா