செல்வின் தெளிவாக இருந்தபோது எழுதியது

நவ. 4, செவ்வாய்

தம்பி செல்வின் சாப்பாட்டை நிறுத்தி நான்கு நாள். இன்று காலை தக்கலையிலிருந்து கூட்டிவந்து மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடாத மழை. வடசேரியில் என் வாழைக்குலைக் கடையில் மட்டிக்குலை பாதி இறக்கியாயிற்று, பாதி தார்ப்பாய்க்கு அடியில். பார்க்க நான் அங்கே இல்லை.

உதடு வெடித்திருக்கிறது. தண்ணீரை வாயில் வைத்தால் ஓரத்தில் வழிய விடுகிறான். டிரிப் ஏற்றியிருக்கிறார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முகம் பார்த்துப் பேசுகிறார். இந்த நிலைக்குத் தலையில் கரண்ட் வைக்கிற ஷாக்தான் சீக்கிரம் கேட்குமாம். ஆனால் செ. எழுதிக் கொடுத்த பேப்பர் குறுக்கே நிற்கிறது.

மூன்று வருடம் முன்னால், நல்ல தெளிவோடு இருந்தபோது எழுதினான். மறுபடி நோய் வந்தால் என்ன வைத்தியம் செய்யலாம், என்ன கூடாது என்று. மருந்து சரி. கட்டிப்போடக் கூடாது. ஷாக் கூடவே கூடாது. பிரதிநிதி: அக்கா. அதாவது நான். அதற்கு முந்தின தடவை ஷாக் கொடுத்த பிறகு வகுப்பில் போய் நின்றிருக்கிறான், ஒரு பிள்ளையின் பெயரும் வரவில்லை. வாத்தியாருக்கு அது போதாதா.

"எனக்குப் புத்தி கலங்கினா நீதான் எனக்க வாய்" என்றான் அன்று. "சரி மக்கா" என்றேன். ஏலத்தில் தலையாட்டுகிற மாதிரி.

நவ. 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். வாங்க: பஞ்சு, உதட்டுக்கு எண்ணெய், ஃபிளாஸ்க்.

பக்கத்துக் கட்டில்காரர்: "இன்னைக்கும் உப்புமாவா? எனக்கில்ல, உப்புமாவுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

சேர்த்தபின் முதல் தடவையாக செ. பேசினான். சுவரைப் பார்த்து.

"ஷாக் வைக்கச் சொல்லு அக்கா. நான் செய்த பாவத்துக்கு அதுவும் போதாது."

"என்ன பாவம்?"

"எல்லாருக்க கஞ்சியையும் நான்தான் குடிச்சுட்டேன்."

தம்பி மனைவி ஜெபா என் கையைப் பிடித்தாள். "கேட்டியளா மைனி? அவங்களே சம்மதிச்சாச்சு. தெளிவோடதான் கேட்டாங்கன்னு டாக்டருட்ட சொல்லி ஒப்பு போட்டுக் குடுங்கோ."

பேனாவை எடுத்தும்விட்டேன்.

குடித்துவிட்டு வருகிறவன் சொல்லும் விலைக்கு நான் குலை எடுப்பதில்லை. எவ்வளவு மலிவானாலும், தெளிந்த பிறகு வா என்பேன். இவன் கேட்டது வைத்தியம் இல்லை, தண்டனை. கேட்டது நோய்.

கையெழுத்துப் போடவில்லை.

ஜெபா வராந்தாவில் எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "பேப்பரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்கோ. அவங்கள சவப்பெட்டியில வைக்கும்போ கூட வைக்கலாம்." அவள் பயம் எனக்கும் இருக்கிறது.

நவ. 6, வியாழன்

விடியும்போது டிரிப் ஊசியைப் பிடுங்கிவிட்டான். விரிப்பெல்லாம் ரத்தம். மூத்திரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைகிறது.

டாக்டர்: "அவசரத்துக்கு டிரிப், மூக்குவழிக் குழாய் போடலாம்மா. ஷாக் அந்தக் கணக்கில சேராது. பேப்பரை மாத்தணும்னா மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு போடணும். உடனே விசாரிக்கச் சொல்லி நானும் எழுதுறேன்."

"அதுவரைக்கும் தாங்குவானா?"

பைலைப் புரட்டினார்.

ஷாக் வேண்டாம் என்று எழுதினவன், அதற்குப் பதில் பட்டினியில் போகிறேன் என்றும் எண்ணித்தான் எழுதினானா? கேட்கலாம் என்றால், எழுதினவன் இந்தக் கட்டிலில் இல்லை.

காதோரம் குனிந்து சொன்னேன்: "மனு போடப் போறேன் மக்கா. உனக்க பேச்சை மீறி." கண்கூட அசையவில்லை.

டாக்டர், ஜெபா, நான் பேசி முடித்தது: மனு என் பெயரில். செ. எழுதினதை ஒரு வரி விடாமல் வாரியத்தின் முன் வைப்பது. நேற்று அவன் கேட்டதைச் சம்மதமாகக் காட்டக் கூடாது. அனுமதி கிடைத்தால் ஆறு தடவை, மயக்க மருந்தோடு, ஏழாவது கிடையாது. தெளிந்ததும் நடந்ததை நான்தான் அவனிடம் சொல்வேன். அதன்பிறகு "உனக்க முகத்தில முழிக்க மாட்டேன்" என்று அவன் சொன்னால், யாரும் அவனைச் சமாதானப்படுத்தக் கூடாது.