கூரையில்லாத கழிப்பறைக்கு ஒரு திருத்தம்

பிப்ரவரி 2

கொடுத்துவிட்டேன்! கவுன்சிலரான பிறகு என் முதல் பட்ஜெட் கோரிக்கை: மார்க்கெட்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து, பேரம் பேசி, ஒரு செங்கல்கூட அதிகமில்லாமல் தொகை போட்டிருக்கிறேன். தையல்காரி கணக்கு, பிசிறு இருக்காது. கணக்கு அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இவ்ளோதானாம்மா?" என்றார். "இவ்ளோதான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டே வந்ததில், பக்கத்தில் இருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 5

நாத்தனார் வந்திருந்தாள். மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கிறாள். அங்கே கழிப்பறையே கிடையாது. ஆண்கள் பின்சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள், பெண்களுக்கு அதுவும் இல்லை. மதியம் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அடக்கி அடக்கி மறுபடியும் சிறுநீர்த் தொற்று. டாக்டர் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாராம்: "உடம்பு வேணுமா, கடை வேணுமா, நீங்களே முடிவு பண்ணுங்க." இந்த வருஷம் கட்டவில்லையென்றால் கடையை விட்டுவிடுவாளாம்.

"உங்களுக்கு ஓட்டுப் போட்டதே இதுக்குத்தான் அண்ணி. பாசத்துல போட்டேன்னு நெனச்சுக்காதீங்க." என்ன வாய்! அண்ணனுக்கும் தங்கைக்கும் அதில் மட்டும் குறைவில்லை.

பிப்ரவரி 19

பாதி. கணக்கு அதிகாரி பாதியாக வெட்டிவிட்டார்!

நகராட்சி எஞ்சினியரிடம் ஓடினேன். "இந்தப் பணத்துல சுவர் எழுப்பலாம் மேடம். கூரையும் கதவும் வராது" என்கிறார். கூரையும் கதவும் இல்லாம ஒரு கழிப்பறை! அதுக்குப் பேரு கழிப்பறையா? மாடியிலேர்ந்து பாக்கறவன் கண்ணை மூடிப்பானா?

கணக்கு அதிகாரியிடம் சண்டைக்குப் போனால், மனுஷன் பரிதாபமாக விழிக்கிறார். குடிநீர், தெருவிளக்கு, குப்பை என்று எல்லாத் துறையும் இரண்டு மடங்காகக் கேட்பார்களாம். இவர் பாதியாக்குவாராம். எல்லாருக்கும் வேண்டியது கிடைத்துவிடுமாம். வருஷா வருஷம் இப்படித்தானாம். "நீங்க மட்டும் உள்ளதைக் கேட்டிருக்கீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஊரோட ஒத்துப் போயிருக்கக் கூடாதா?" இவருக்கு ஆபீஸில் கத்தரிக்கோல் என்று பெயர். நானும்தான் கத்தரிக்கோல் பிடிக்கிறேன். அளந்துவிட்டு வெட்டுகிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சட்டை தைக்க வர்றவங்ககிட்ட அரை மீட்டர் சேர்த்து வாங்கிட்டு வான்னு சொல்றது யாரு? அந்தப் புத்தி அங்க எங்க போச்சு?" ராத்திரி குழம்பில் உப்புப் போடவில்லை.

பிப்ரவரி 20

கத்தரிக்கோல் தானாகவே கூப்பிட்டார். பாவம், மனசு உறுத்தியிருக்கிறது. "என்னால கூட்ட முடியாதும்மா. ஆனா மன்றக் கூட்டத்துல நீங்க திருத்தம் கொண்டு வரலாம். வேற எதுலேர்ந்து எடுக்கறதுன்னு மட்டும் சொல்லணும். பாதிப் பேருக்கு மேல கை தூக்கினா முடிஞ்சுது."

எதிலிருந்து எடுப்பது? குடிநீரில் கை வைத்தால் ஊர் என் தோலை உரித்துவிடும். குப்பையில் கை வைத்தால் நாறிவிடும். புரட்டிக்கொண்டே போனேன். பூங்காத் துறை: ரவுண்டானாவில் வண்ண விளக்கு நீரூற்று. நகராட்சித் தலைவரின் கனவு! முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டினதுபோல் சிரிப்பு பொங்கியது.

மார்ச் 1

நாத்தனார் கடையைக் கைமாற்ற ஆள் பார்க்கிறாளாம். என்னிடம் மூச்சு விடவில்லை. அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

மார்ச் 6

மற்ற கவுன்சிலர்கள் வீட்டுக்கெல்லாம் ஆதரவு கேட்டுப் போனேன். எல்லாரும் டீ கொடுத்தார்கள். எல்லாரும், "நல்ல விஷயம்மா, ஆனா தலைவர் மனசு கஷ்டப்படுமே" என்றார்கள். டீதான் மிச்சம்.

மார்ச் 10

மன்றக் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். போன வருஷமும் அடித்தார்கள். நிதியாண்டு முடிவதற்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடுமாம். அதனால் மிச்சத்தையெல்லாம் சுவரில் பூசிவிடுவது வழக்கமாம். ஆகையால் பட்ஜெட் கூட்டம் எங்கே? மார்க்கெட் மாடியில்!

நாத்தனாரிடம் சொன்னேன். "எல்லாரையும் நல்லா கவனி" என்று மட்டும்தான் சொன்னேன். சத்தியமாக அவ்வளவுதான்.

மார்ச் 12

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாத்தனார் தர்பூசணிச் சாறு அனுப்பியிருந்தாள், பெரிய பெரிய டம்ளர்களில். அடிக்கிற வெயிலுக்கு எல்லாரும் இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நான் தொடவில்லை. பிறகு துறை துறையாக வாசிப்பு. குடிநீர். சாலை. தெருவிளக்கு வரும்போதே பின்வரிசை நெளிய ஆரம்பித்தது. குப்பை முடிவதற்குள் மருந்துக்கடை வைத்திருக்கும் கவுன்சிலர் கால்மேல் காலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். அடுத்தது பூங்கா. எஞ்சினியர் எழுந்து ஆசை ஆசையாக விவரிக்கிறார்: "தண்ணி சர்ருன்னு மேல போகும், சலசலன்னு கீழ கொட்டும், ராத்திரி பகல்னு நிக்கவே நிக்காது—"

"போதும்யா!" தலைவர் கத்திவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் நின்ற பியூனிடம் மெதுவாக, "இங்க பாத்ரூம் எங்கப்பா இருக்கு?" என்றார். பியூன் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன்.

"அது அடுத்த தீர்மானம், தலைவரே."

யாரோ சிரிக்க, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று மருந்துக்கடைக்காரர் கெஞ்ச, மாடியே அதிர்ந்தது. சீக்கிரம் வாசிக்கச் சொன்னார்கள். நீரூற்றுப் பணத்தைக் கழிப்பறைக்கு மாற்றும் திருத்தத்தை நான் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "உங்களால ஒரு கூட்டம் தாங்க முடியல. கீழ இருக்கறவங்க தினமும் தாங்கறாங்க." சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் தூக்கிய கை தலைவருடையதுதான். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற கைகளை எண்ண வேண்டியிருக்கவில்லை. பிறகு படியில் இறங்கினார்களே ஒரு வேகம்!

மார்ச் 13

ஏன் தர்பூசணி என்று நாத்தனாரிடம் கேட்டேன். "சீசன் அண்ணி" என்றாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

ஜூன் 24

கூரை போட்டாயிற்று. கதவு நாளை. கல்வெட்டில் தன் பெயர் வேண்டாம் என்கிறார் தலைவர். இந்த ஊரில் அவர் பெயர் இல்லாத பஸ் நிழற்குடை உண்டா? இதற்கு மட்டும் வெட்கமாம்.

ஆகஸ்ட் 21

மதியம் மார்க்கெட் பக்கம் போனேன். நாத்தனார் கடையில் நல்ல கூட்டம். பக்கத்துக் கடையையும் அவளே எடுத்திருக்கிறாள். தட்டியைப் பிரித்து இரண்டையும் ஒன்றாக்கி, கொய்யாவை மலைபோல் குவித்து வைத்திருக்கிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான் போனேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்:

"கவுன்சிலரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வர்றவங்களுக்குப் பழம் தெரியல."

தள்ளி நின்றேன்.