டியூக்கின் இடது காது

அக்டோபர் 27, திங்கள்

டியூக் இன்றும் மதிலைத் தாண்டிப் போய்விட்டான். விடிந்ததும் போனவன் இருட்டும்போதுதான் திரும்பினான். தொடையில் கடி, உடம்பெல்லாம் சேறு. ஐப்பசி வந்தால் இவனுக்குத் திண்டிவனம் போதவில்லை.

வேலைக்கு வரும் பாஞ்சாலி காயத்தைக் கழுவிக்கொண்டே, "டீக்கு சும்மா இருந்தாலும் அந்தப் பொட்டை நாயிங்க உடறதில்லம்மா" என்றாள். டீக்கு இல்லை, டியூக் என்றேன். இவனை வாங்கிய நாளிலிருந்து சொல்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

கால்நடை மருத்துவமனை. ஆடுகளோடு ஆடாக நின்றேன். உதவியாளர் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இன்னாம்மா, காயடிக்கவா?" என்றார்.

"காயத்துக்கு மருந்து போட" என்றேன். ஓர் ஆட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

கான்வென்ட்டில் எங்களுக்கு இடுப்புக்குக் கீழே உள்ள எதற்கும் பெயர் சொல்லித்தரவில்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. எழுபத்து நான்கு வயதில் அந்த வார்த்தையை எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

உள்ளே டாக்டர் சின்னப் பெண். தாழ்ந்த குரலில் பேசத் தெரிந்தவள். இப்படியே ஓடினால் ஒருநாள் பைபாஸில் அடிபடுவான், அல்லது பெரிய கடி வாங்குவான், ஆபரேஷன் செய்துவிட்டால் அடங்குவான் என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து மகன் அரிபிரசாத்தும் மருமகள் காயத்ரியும் வந்தார்கள். தை பிறந்ததும் நான் இந்த வீட்டை விற்றுவிட்டு அவர்களோடு போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. நானும் தலையாட்டி வைத்திருக்கிறேன். டியூக்கும் வரலாம். ஆனால் ஆபரேஷன் முடித்துத்தான்.

"வர்றவங்க கால் மேலெல்லாம் ஏறுது அத்தை. மானம் போவுது" என்றாள் காயத்ரி. அவள் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவள் போட்ட காப்பியில்தான் எதுவும் இல்லை.

முடிவு செய்து சொல்கிறேன் என்றேன்.

"நீ எப்பம்மா முடிவு பண்ணியிருக்க?" என்றான் அரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னால் எதையும் சொல்லலாம் என்று இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான் இல்லை.

நவம்பர் 5, புதன்

என்ன தடுக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

1976. என் கணவர் ராஜாங்கம் ஒரு வாரம் சைக்கிளை எடுக்காமல் ஆபீசுக்கு நடந்தே போனார். பஞ்சர் போலிருக்கிறது என்று நினைத்தேன். எட்டாம் நாள் சோறு தின்றுகொண்டே சொன்னார்: குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் போய் ஆபரேஷன் செய்துகொண்டாராம். மேலே இருந்தவர்கள் ஊழியர்களை நெருக்கினார்களாம். முதலில் போனவர்களுக்கு நல்ல பெயராம்.

அரிக்கு அப்போது மூன்று வயது. அடுத்தது பெண்ணாக இருந்தால் என்ன பெயர் வைப்பது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "முடிஞ்சி போச்சி, வுடு. மோர் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அதற்குப் பிறகும் நாற்பது வருடங்களுக்கு மேல் ஊற்றினேன்.

நவம்பர் 10, திங்கள்

முகையூரில் தம்பி வேங்கடேசன் கிணற்றடியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டான். போகிறேன். போகிற வழியில் டியூக்கை விழுப்புரத்தில் அரி வீட்டில் விடவேண்டும். பெல்ட், தட்டு, அவன் படுக்கிற சாக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

நவம்பர் 15, சனி. முகையூர்

தம்பி தூங்குகிறான். வெளியே மழை. எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை, அதனால் இதை எழுதுகிறேன்: செய்துவிடலாம். நாய் வேறு, மனிதர் வேறு. அவரிடம் காட்டாத கோபத்தை இந்த வாயில்லா ஜீவனை வைத்து ஏன் தீர்த்துக்கொள்ள வேண்டும்? ஊருக்குப் போனதும் அந்தச் சின்ன டாக்டரிடம் நானே அழைத்துப்போவேன். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும். அந்த வார்த்தையையும் நானே சொல்வேன், வாசலில் யார் நின்றால் என்ன.

மனம் லேசாக இருக்கிறது. இவ்வளவுதானா என்று இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

இடது காதில் நுனி இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

அரி வீட்டுக் கதவைத் திறந்ததும் டியூக் வந்தான். குதிக்கவில்லை, நடந்து வந்தான். கழுத்தில் பெல்ட் இல்லை. காது நுனி வெட்டியிருந்தது. பின்னங்கால்களுக்கு நடுவில் தையல்.

தெருநாய்களுக்கு இலவசமாகச் செய்கிற முகாமாம். வளர்ப்பு நாயை எடுக்க மாட்டார்களாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எங்கள் தெருவில் சுற்றுகிற நாய் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செய்து முடித்த தெருநாய் என்று அடையாளம் தெரிவதற்காகக் காதை வெட்டிவிடுவார்களாம். அந்தக் காது விஷயம் காயத்ரிக்குத் தெரியாதாம். "சத்தியமா தெரியாது அத்தை" என்றாள். இருக்கலாம்.

அரி சொன்னான்: "நீ சொல்றதுக்குள்ள அடுத்த வருசம் வந்துடும்மா. முடிஞ்சி போச்சி, வுடு."

அதே சொல். மூன்று வயதில் கேட்டது காதில் நின்றிருக்குமா? நின்றிருக்காது. ரத்தம்தான்.

என்னக் கேட்டா என்னடா? போன்ல ஒரு நிமிஷம். வாய் தேஞ்சா போயிடும்? நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன், சரின்னுதான்டா—

அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், பிறகென்ன, சரியாகத்தானே நடந்திருக்கிறது என்பான். ஆட்டோவுக்குச் சொல்லி, டியூக்கை மடியில் போட்டுக்கொண்டு திண்டிவனம் வந்துவிட்டேன்.

காதைப் பார்த்துவிட்டு பாஞ்சாலி, "பேர் இருக்கிற நாயிம்மா இது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டீக்கு என்றுதான் கூப்பிட்டாள். திருத்தவில்லை.

டிசம்பர் 3, புதன்

தையல் ஆறிவிட்டது. மதில் பக்கம்கூடப் போவதில்லை. டாக்டர் சொன்னது சரி. ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அரி போன் செய்தான். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்களாம், நல்ல பார்ட்டியாம். "ம்" என்றேன். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவனும் கேட்கவில்லை.

வந்தவர்களிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 5, திங்கள்

மாடிக்கு வெள்ளையடித்தாயிற்று. மலர்விழி, ஆஸ்பத்திரி நர்ஸ், கணவனோடு வந்து பார்த்தாள். சமையலறை ஜன்னல் பிடித்திருக்கிறது என்றாள். நாய் கடிக்குமா என்று கேட்டாள். கேட்கத் தெரிந்த பெண்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்கு வராத அரி இன்று காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தான். என்னை அழைத்துப்போக நாள் குறித்திருக்கிறார்களாம், வீட்டை விற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். உள்ளே நுழையும்போதே மாடிக் கொடியில் காய்கிற துணிகளைப் பார்த்துவிட்டான்.

"மேல யாரும்மா?"

சொன்னேன். மூன்று வருடத்துக்குப் பேசியிருக்கிறேன், பொங்கலுக்கு முன்னாலேயே குடிவந்துவிட்டார்கள், நான் எங்கும் வருவதாக இல்லை என்றேன்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தான். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. டியூக் போய் அவன் காலடியில் படுத்துக்கொண்டான்.

"ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

குரல் உடைந்துதான் இருந்தது. எனக்குக் கேட்டது.

இலை போட்டிருக்கிறேன், கை கழுவிக்கொண்டு வா என்றேன்.